இருநூறு சதவீத ரிஸ்க்

ரிஸ்க் என்ற வார்த்தையை காமர்ஸ் படிக்கிற எங்களைப் போல அதிகமாகப் புழங்குகிறவர்கள் இருக்க மாட்டார்கள். ஷேர் மார்க்கெட்டில் ரிஸ்க், கடன் கொடுத்தால் ரிஸ்க், இன்சூரன்ஸ் என்றால் ரிஸ்க்கைத் தவிர வேறொன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஃபார்முலா உண்டு. எந்தக் கணக்கைப் போட்டாலும் சாவதற்கான வாய்ப்பு நூறு சதவீதத்தைத் தாண்டாது. ஒரு ஆள் ஒரு தடவைதானே சாக முடியும்?

ஆனால் 1954ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த ஒரு ஆபரேஷனைப் பற்றி டாக்டர்கள் வேறு கணக்கு சொன்னார்கள். இருநூறு சதவீத மரணத்துக்கு வாய்ப்புள்ள ஒரே ஆபரேஷன் உலகத்திலேயே இதுதான் என்று. மேஜையில் படுத்திருக்கும் குழந்தை சாகலாம். பக்கத்து மேஜையில் படுத்திருக்கும் அப்பாவோ அம்மாவோ கூடச் சாகலாம். இது தெரிந்தும் பெற்றோர்கள் சம்மதித்தார்கள். ஏன் சம்மதித்தார்கள், எதை வைத்து முடிவெடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு ஒரு பதினாறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

இதயத்தைத் தொடாதே

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது வருஷங்கள் வரை வயிற்றைத் திறந்தார்கள், மண்டையோட்டைக்கூடத் திறந்தார்கள், இதயத்தை மட்டும் பெரும்பாலும் விட்டுவைத்தார்கள். காரணம் எளிது. மற்ற உறுப்புகள் கத்தி படும்போது சும்மா இருக்கும். இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் சில நிமிடங்களில் மூளை செத்துப்போகும்.

அதனால் பிறக்கும்போதே இதயத்தில் கோளாறோடு பிறந்த குழந்தைகளுக்கு டாக்டர்கள் சொல்லக்கூடியது ஒன்றுதான். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், ஓடி ஆட விடாதீர்கள், இருக்கிற வரைக்கும் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் உடைப்பு 1938 ஆகஸ்ட்டில், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்தது. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு நுரையீரலால் வேலை இல்லை. அதனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தை மகாதமனிக்குத் திருப்பிவிட ஒரு சின்னக் குழாய் உண்டு. பிறந்த கொஞ்ச நாளில் அது தானாகவே மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடாது. அப்படி மூடாத ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ராபர்ட் கிராஸ் என்ற இளம் சர்ஜன் அந்தக் குழாயை நூலால் கட்டி மூடினார். அவருடைய தலைமை டாக்டர் ஊரில் இல்லாத சமயமாகப் பார்த்துச் செய்தார் என்பது அந்தக் காலத்துப் பிரபலமான கதை.

இந்தச் சிறுமி அன்றைக்குச் சாகிற நிலையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நடமாடிக்கொண்டிருந்த பிள்ளை. விட்டிருந்தால் இன்னும் பல வருஷங்கள் இருந்திருப்பாள், அப்புறம் இதயம் களைத்துப் போயிருக்கும், அல்லது தொற்று வந்திருக்கும். முந்தைய வருஷம் அதே பாஸ்டனில் இதே கோளாறுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு இளம்பெண் சில நாட்களிலேயே இறந்து போயிருந்தாள். உலகத்தில் இதுவரை யாரும் பிழைக்காத ஆபரேஷனுக்கு நடமாடும் பிள்ளையைக் கொடுப்பதா? கொடுத்தார்கள். அந்தச் சிறுமி பிழைத்து, வளர்ந்து, பாட்டியாகவும் ஆனாள்.

நீலக் குழந்தைகள்

பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக் என்ற பெண் டாக்டர் குழந்தைகள் இதயப் பிரிவை 1930லிருந்து கவனித்து வந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. இதய டாக்டருக்குக் காது கேட்காவிட்டால் என்ன செய்வது? விரல்களாலேயே குழந்தையின் நெஞ்சைத் தொட்டு அதிர்வைப் படிக்கப் பழகிக்கொண்டார்.

அவரிடம் வந்த குழந்தைகளில் பலர் நீலமாக இருந்தார்கள். உதடு நீலம், நகம் நீலம், அழுதால் முகமே நீலம். பிரெஞ்சு டாக்டர் ஃபாலோ 1888ல் விவரித்த நோய் இது. நான்கு கோளாறுகள் சேர்ந்தது. சுருக்கமாகச் சொன்னால் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் அடைப்பு. ரத்தம் ஆக்சிஜன் வாங்கப் போக வழியில்லாமல் கெட்ட ரத்தமாகவே உடம்பைச் சுற்றி வரும். இந்தக் குழந்தைகள் நாலடி நடந்ததும் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அப்படி உட்கார்ந்தால் காலுக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். பிள்ளைகள் அதைத் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

டாசிக் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நீலக் குழந்தைகளில் எவர்களுக்கு மேலே சொன்ன அந்தக் குழாய் மூடாமல் இருக்கிறதோ அவர்கள் கொஞ்சம் நன்றாக இருக்கிறார்கள். அது மூடியதும் மோசமாகிறார்கள். அப்படியானால் செயற்கையாக ஒரு குழாய் போட்டால் என்ன? பாஸ்டனுக்குப் போய் ராபர்ட் கிராஸிடம் கேட்டார். குழாயை மூடுவதுதான் தன் வேலை, உண்டாக்குவதில் தனக்கு ஆர்வம் இல்லை என்று அவர் அனுப்பிவிட்டார்.

1941ல் ஆல்ஃபிரட் பிளாலாக் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு சர்ஜரி தலைவராக வந்தார். கூடவே விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளரையும் அழைத்து வந்தார். தாமஸ் டாக்டராக ஆசைப்பட்டு, 1930களின் பொருளாதாரச் சரிவில் பேங்க் திவாலாகிச் சேமிப்பு போனதால் கல்லூரிக்கே போக முடியாமல் போனவர். ஆனால் கையில் அபார திறமை. இந்த ஆபரேஷனை நாய்களிடம் செய்து பார்த்துச் செம்மைப்படுத்தியவர் அவர்தான்.

1944 நவம்பர் 29. ஐலீன் என்ற பதினைந்து மாதக் குழந்தை. எடை நாலு கிலோ சொச்சம். ஆக்சிஜன் கூடாரத்தை விட்டு வெளியே எடுக்க முடியாத நிலை. மயக்க மருந்து கொடுக்க வேண்டிய மூத்த டாக்டர் குழந்தை தாங்காது என்று மறுத்துவிட, இன்னொருவர் முன்வந்தார். தாமஸ் ஒரு ஸ்டூல் மேல் பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் நின்று வழிகாட்ட, கைக்குப் போகும் ரத்தக்குழாயை வெட்டி நுரையீரல் தமனியோடு இணைத்தார்கள். குழந்தை பிழைத்தாள். நீலம் குறைந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில மாதங்களில் ஐலீன் மறுபடி நீலமானாள். இரண்டாவது ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு வயது நிறைவதற்குள் இறந்து போனாள்.

ஆனால் அதற்குள் 1945 பிப்ரவரியில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்குச் செய்திருந்தார்கள். அதில் ஒரு ஆறு வயதுப் பையன். கிளாம்பை எடுத்த அந்த நிமிடமே மேஜையில் அவன் உதடு சிவந்தது. மே மாதம் கட்டுரை வெளியானது. அவ்வளவுதான், அமெரிக்கா முழுவதிலிருந்தும், பின்னர் வெளிநாடுகளிலிருந்தும் நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர்கள் வர ஆரம்பித்தார்கள். 1951க்குள் ஆயிரம் ஆபரேஷன்களைத் தாண்டிவிட்டார்கள். இறப்பு விகிதமும் ஐந்து சதவீதம் அளவுக்குக் குறைந்துவிட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஆபரேஷன் நோயைக் குணப்படுத்தவில்லை. ஓட்டை அப்படியே இருக்கும், அடைப்பும் அப்படியே இருக்கும். ரத்தத்துக்கு ஒரு மாற்றுப்பாதை, அவ்வளவுதான். ஆனால் அது கொடுத்த அவகாசம் இருக்கிறதே, அது பெரிய விஷயம். 1940களில் இதைச் செய்துகொண்ட பிள்ளைகளில் பலர் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, இதயத்தையே திறந்து சரிசெய்யும் கலை வந்தபோது உயிரோடு இருந்தார்கள். அந்தப் பெற்றோர்கள் வாங்கியது முழுக் குணம் அல்ல, நாட்கள். அந்த நாட்களுக்குள் மருத்துவம் வளர்ந்துவிட்டது.

அப்பாவே மெஷின்

இப்போது 1954க்கு வருவோம்.

இதயத்துக்குள்ளே இருக்கும் ஓட்டையை அடைக்க வேண்டுமென்றால் இதயத்தைத் திறந்துதான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் உடம்புக்கு ரத்தத்தை யார் பம்ப் செய்வது? ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இருபது வருஷம் உழைத்து ஒரு ஹார்ட்-லங் மெஷின் செய்தார். 1953 மே மாதம் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணைக் காப்பாற்றினார். அடுத்து இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்ததும் மனம் வெறுத்து நிறுத்திவிட்டார். மற்ற இடங்களிலும் மெஷினோடு முயன்றவர்களுக்குத் தோல்விதான்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லிஹெய் என்ற முப்பத்தைந்து வயது சர்ஜன் வேறு மாதிரி யோசித்தார். கருவில் இருக்கும் குழந்தைக்கு மூச்சு விடுவது யார்? அம்மாதானே. அதையே ஆபரேஷன் மேஜையில் செய்தால் என்ன? குழந்தையின் கெட்ட ரத்தத்தைக் குழாய் வழியாக எடுத்துப் பக்கத்து மேஜையில் படுத்திருக்கும் பெரியவரின் தொடை நரம்பில் விடுவது. அவருடைய நுரையீரல் அதைச் சுத்தம் செய்யும். அவருடைய தொடைத் தமனியிலிருந்து நல்ல ரத்தத்தை எடுத்துக் குழந்தைக்குத் திருப்பி அனுப்புவது. நடுவில் போவதும் வருவதும் ஒரே அளவாக இருக்க ஒரு பம்ப். அந்த பம்ப் பால், உணவுத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட வகை.

நாய்களில் நன்றாக வேலை செய்தது. மனிதர்களில் செய்யலாமா என்றபோது மருத்துவமனைக்குள்ளேயே எதிர்ப்பு. நோயே இல்லாத ஒரு ஆரோக்கியமான மனிதரை மேஜையில் படுக்க வைத்து ஆபத்துக்கு உள்ளாக்குவது எந்த ஊர் வைத்தியம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இன்றைக்கு இப்படி ஒன்று செய்ய எத்தனையோ கமிட்டிகளைத் தாண்ட வேண்டும். அன்றைக்கு சர்ஜரி தலைவர் ஓவன் வாங்கன்ஸ்டீன் சரி என்றார், நடந்தது.

முதல் குழந்தை கிரிகரி. வயது ஒன்று. அவனுக்குக் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. வாழ்நாளில் பெரும்பகுதியை ஆஸ்பத்திரியிலேயே கழித்தவன். அப்பா லைமன் கிளிடன், மினசோட்டாவின் வடக்கே இரும்புச் சுரங்கங்கள் உள்ள ஹிப்பிங் ஊர்க்காரர், சுரங்கத் தொழிலாளி. இந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னொரு விஷயம் தெரிந்தால்தான் அவர்கள் முடிவு புரியும். இதே கோளாறோடு பிறந்த அவர்களுடைய மூத்த பெண் ஒருத்தி 1950ல், பன்னிரண்டு வயதில், தூக்கத்திலேயே இறந்து போயிருந்தாள்.

அதாவது, "ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்" என்பது அவர்களுக்குப் புள்ளிவிவரம் அல்ல. வீட்டில் நடந்தது.

லைமனின் ரத்தமும் மகனின் ரத்தமும் ஒரே குரூப். 1954 மார்ச் 26 அன்று அப்பாவும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் படுத்தார்கள். வீட்டில் மனைவியும் மற்ற பிள்ளைகளும் இருந்தார்கள். இவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்த வீட்டின் கதி? லில்லிஹெய் இதயத்தைத் திறந்தார், ஓட்டையைத் தைத்தார், மூடினார். இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

பதினோரு நாள் கழித்து, ஏப்ரல் 6 அன்று, கிரிகரி நிமோனியாவில் இறந்தான். பிரேதப் பரிசோதனையில் பார்த்தபோது இதயத்தில் போட்ட தையல் கச்சிதமாக இருந்தது.

கையெழுத்தின் கனம்

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

எங்கள் பாடத்தில் ஒவ்வொரு வழிக்கும் கிடைக்கக்கூடிய பலனை வாய்ப்பால் பெருக்கிக் கூட்டி, எது பெரியதோ அதைத் தேர்ந்தெடு என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அது ஆயிரம் தடவை விளையாடுகிறவனுக்கான கணக்கு. லில்லிஹெய் அப்படிப் பார்க்கலாம். அவருக்கு கிரிகரி முதல் கேஸ், அடுத்து இரண்டாவது, மூன்றாவது என்று போகும். ஒவ்வொன்றிலும் கற்றுக்கொள்வார். பெற்றோருக்கு அடுத்த கேஸ் கிடையாது. பிள்ளை போனால் நூறு சதவீதம் போனது, இருந்தால் நூறு சதவீதம் இருக்கிறது.

இரண்டாவது சிக்கல், ஒன்றும் செய்யாமல் இருப்பது ரிஸ்க் இல்லாத வழி போலத் தோன்றுவது. நாட்பட்ட நோயின் சூழ்ச்சியே இதுதான். விபத்தில் அடிபட்ட பிள்ளை என்றால் யோசிக்க நேரமில்லை, உடனே கையெழுத்துப் போட்டுவிடுவோம். இங்கே பிள்ளை இன்றைக்கும் சிரிக்கிறது, நாளைக்கும் சிரிக்கும். அடுத்த மாதம் பார்க்கலாம், கொஞ்சம் எடை கூடட்டும் என்று தள்ளிப் போடத் தோன்றும். ஆபத்து ஒரே நாளில் மொத்தமாக நின்றால் பயமாக இருக்கிறது. அதே ஆபத்தைப் பத்து வருஷத்துக்குத் தவணை பிரித்துக் கொடுத்தால் கண்ணுக்கே தெரிவதில்லை.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும் விடப் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை வீட்டில் நோயால் இறந்தால் நாம் அதை விதி என்போம். ஊரும் விதி என்று சொல்லி ஆறுதல் தரும். ஆபரேஷன் மேஜையில் இறந்தால்? "நாமே கொண்டு போய்க் கொடுத்தோமே" என்ற நினைப்பு வாழ்நாள் முழுக்க விடாது. விளைவு ஒன்றுதான், ஆனால் ஒன்றில் விதியின் கை, இன்னொன்றில் நம் கையெழுத்து. பெற்றோர் பயப்படுவது பிள்ளையின் சாவுக்கு மட்டும் அல்ல, அந்தச் சாவில் தங்களுக்குப் பங்கு இருந்துவிடுமோ என்பதற்கும்தான்.

லில்லிஹெய்யின் முறையில் இதற்கு ஒரு விசித்திரமான மாற்று இருந்தது. அப்பா வெளியே வராண்டாவில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. தானும் மேஜையில் படுத்தார். பிள்ளைக்கு என்ன ஆபத்தோ அதில் தானும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். இது முடிவெடுப்பதை எளிதாக்கியதா, கடினமாக்கியதா? எளிதாக்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளையை மட்டும் உள்ளே அனுப்புவதைவிடக் கூடவே போவது எந்த அப்பாவுக்கும் சுலபம். டாக்டர்கள் கவலைப்பட வேண்டியிருந்ததும் அதனால்தான். "என் உயிர் போனாலும் பரவாயில்லை" என்று சொல்லக்கூடியவர்களிடம் சம்மதம் வாங்குவது சுலபம். அது யோசித்துக் கொடுத்த சம்மதமா என்பது வேறு கேள்வி.

அந்தப் பயம் வெறும் பயம் அல்ல. 1954 அக்டோபரில், மகளுக்காகப் படுத்த ஒரு தாயின் ரத்தக்குழாயில் தவறுதலாகக் காற்று புகுந்து மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. அந்த வீட்டின் கணக்கை எந்த ஃபார்முலாவில் போடுவது?

மொத்தக் கணக்கு

1954 மார்ச்சிலிருந்து 1955 ஜூலை வரை லில்லிஹெய் குழுவினர் இந்த முறையில் 45 பேருக்கு ஆபரேஷன் செய்தார்கள். 28 பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். 17 பேர் போகவில்லை. ரத்தம் கொடுக்கப் படுத்தவர்களில் யாரும் இறக்கவில்லை. முப்பது வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது 22 பேர் உயிரோடு இருந்தார்கள். 1954 ஆகஸ்ட் 31 அன்று நீலக் குழந்தைகளின் அந்த நான்கு கோளாறு நோயையும் முதன்முறையாக இதயத்தைத் திறந்து முழுதாகச் சரிசெய்தார்கள். அந்தப் பையனுக்கு உறவினர் ரத்தம் பொருந்தவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் வந்து பக்கத்து மேஜையில் படுத்தார்.

1955 மே மாதம் லில்லிஹெய்யின் உதவியாளர் ரிச்சர்ட் டிவால், பிளாஸ்டிக் குழாய்களை வைத்து மலிவான, எளிமையான ஆக்சிஜன் கருவி ஒன்றைச் செய்துவிட்டார். அதே வருஷம் மார்ச்சிலேயே பக்கத்து ஊரான ராச்செஸ்டரில், மேயோ கிளினிக்கில் ஜான் கிர்க்லின் கிப்பனின் மெஷினை மேம்படுத்திப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார். அத்துடன் அப்பா அம்மாவைப் படுக்க வைக்கும் தேவை போய்விட்டது. இந்தியாவில் 1961ல் வேலூர் சி.எம்.சி.யில் திறந்த இதய ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்தது. இன்றைக்கு இதயத்தில் ஓட்டை என்றால் அரசு காப்பீட்டுத் திட்டத்திலேயே ஆபரேஷன் செய்யும் அளவுக்கு வந்துவிட்டோம்.

ஒரு வருஷம் பொறுத்திருந்தால் கிரிகரிக்கு மெஷின் கிடைத்திருக்குமே என்று இப்போது சொல்வது சுலபம். அந்த ஒரு வருஷம் அவனிடம் இருந்ததா என்பது ஒன்று. ஒரு வருஷத்தில் மெஷின் வரும் என்று 1954 மார்ச்சில் யாருக்கும் தெரியாது என்பது இன்னொன்று. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், இருபது வருஷம் உழைத்தவரே மெஷினைக் கைவிட்டுவிட்டார் என்பதுதான். ஒரு முடிவு சரியா தவறா என்பதை அதன் விளைவை வைத்து மட்டும் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கிளிடன் குடும்பம் எடுத்த முடிவின் பலன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அது தவறான முடிவு ஆகிவிடாது.

பிளாலாக், டாசிக், லில்லிஹெய் பெயர்கள் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. விவியன் தாமஸுக்குக்கூடத் தாமதமாகவாவது 1976ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. (அவர் வாழ்க்கை தனிக் கட்டுரைக்கான விஷயம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.) கையெழுத்துப் போட்ட பெற்றோர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை.

இதையெல்லாம் படித்ததில் என் மனதில் தங்கிய தேதி மார்ச் 26 அல்ல. ஏப்ரல் 20. கிரிகரி இறந்தது ஏப்ரல் 6. அதற்கு இரண்டே வாரத்தில் இரண்டாவது ஆபரேஷன். இதுவரை ஒருவருக்குச் செய்திருக்கிறார்கள், அந்த ஒருவனும் இறந்துவிட்டான். அந்த நிலையில் இன்னொரு வீட்டில் ஒரு அம்மாவும் அப்பாவும் ராத்திரி உட்கார்ந்து பேசியிருப்பார்கள். என்ன பேசினார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது.